பொழுதுபோக்கு இல்லைங்க, அதுக்குப் பேரு உயிரியல்



இது நீளமான பதிவு. பெல் அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரே ஒரு சொல்லோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சொல் "பொழுதுபோக்கு".

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒருவர் பழைய பறவை ஓவியம் ஒன்றைப் போட்டிருந்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு ஆங்கிலேயப் பெண் வரைந்தது. கீழே அவர் எழுதிய வாசகம்: "வேலைவெட்டி இல்லாத துரைசாணியோட பொழுதுபோக்கு, சூப்பர்!" அதற்கு இருபது பேர் கைகூப்பு, பத்துப் பேர் இதயம்.

மூன்று நாள் கழித்து அதே குழுவில் நம் வீட்டுப் பெண் ஒருத்தியைப் பற்றிப் பேச்சு. பேரைச் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். விலங்கியல் படிக்க வேண்டும் என்கிறாள். பூச்சி, பறவை, தவளை எதைப் பார்த்தாலும் நோட்டில் வரைந்து வைக்கிறவள். பெரியவர்கள் தீர்ப்பு சொன்னார்கள்: "பூச்சி பின்னால சுத்துறதெல்லாம் ஒரு படிப்பா? வரையறத பொழுதுபோக்கா வச்சிக்கிட்டு நர்சிங்ல சேரட்டும்."

நர்சிங் உயர்ந்த படிப்பு. என்னிடம் படித்த எத்தனையோ பெண்கள் செவிலியர்களாக இருக்கிறார்கள், எனக்கு அதில் பெருமைதான். ஆனால் ஒருத்திக்கு விருப்பம் இருந்தால் அது படிப்பு. விருப்பம் இல்லாதவளை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தால் அது தண்டனை. அதைக்கூட விடுங்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய பெண்ணுக்கும் இந்த வருஷத்துப் பெண்ணுக்கும் ஒரே சொல்லைத் தூக்கிப் போட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

முதலில் அந்தத் "துரைசாணி" யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் பெயர் எலிசபெத் க்வில்லிம். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்ட் என்ற ஊரில் 1763ல் பிறந்தவர். கணவர் சர் ஹென்றி க்வில்லிம். மெட்ராஸில் 1801ல் சுப்ரீம் கோர்ட் ஏற்படுத்தினார்கள் இல்லையா, அதற்கு நீதிபதியாக வந்தவர். எலிசபெத்தோடு தங்கை மேரி சைமண்ட்ஸும் கப்பலேறி வந்தார். இங்கே இருந்தது ஆறு வருஷம் சொச்சம். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806ம் அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது.

அந்த ஆறு வருஷத்தில் அவர் செய்தது என்ன? நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். செடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள, தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த தாவரவியலாளர் ரோட்லர் பாதிரியாரோடு பழகினார். தெலுங்கு படித்தார். விதைகளைச் சேகரித்து ஊருக்கு அனுப்பினார். அக்காளும் தங்கையும் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் நான்கு தொகுதிகளாக லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மெட்ராஸின் மரம், மீன், சாப்பாடு, துணி, திருவிழா எல்லாம் அதில் உண்டு. 1807 டிசம்பர் 21ல் எலிசபெத் இங்கேயே இறந்துபோனார். வயது 44. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் அடக்கம். தலைமைச் செயலகத்துக்கு மனு கொடுக்கப் போகிற நம் ஊர்க்காரர்கள் அந்தக் கோபுரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

கணவருக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்குக்கும் ஒத்துப்போகவில்லை. வெளிப்படையாகவே கவர்னரைக் குறை சொன்னார். அரசாங்கம் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஓவியங்கள் கப்பலேறின. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் அவற்றைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

1924 வாக்கில் கேசி வுட் என்ற கண் மருத்துவர் கண்ணில் அவை லண்டனில் பட்டன. இவர் சாதாரணக் கண் மருத்துவர் இல்லை. பறவைகளின் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து தனிப் புத்தகமே எழுதியவர். பார்த்தவுடனே இது அலங்காரப் படம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாங்கிக்கொண்டுபோய் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தார். 1925ல் 'ஐபிஸ்' என்ற பறவையியல் இதழில் எலிசபெத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அந்தத் தலைப்பிலேயே அவரை ஓவியர் என்றும் பறவையியலாளர் என்றும் இரண்டு விதமாகவும் சொன்னார். நிபுணர் ஒருவர் 1925ல் கொடுத்த பட்டம் இது. நம் குழுவில் இன்றைக்குக் கொடுத்த பட்டம் "வேலைவெட்டி இல்லாதவள்".

பறவை ஓவியம் என்றாலே உலகம் அமெரிக்காவின் ஆடுபானைச் சொல்லும். அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வெளிவரத் தொடங்கியதே 1827ல். எலிசபெத் இறந்து இருபது வருஷம் கழித்து. தென்னிந்தியப் பறவைகளுக்கு ஜெர்டன் பட்டியல் போட்டது 1839ல். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே மெட்ராஸ் பறவைகள் இந்தப் பெண்ணின் தாள்களில் உட்கார்ந்திருந்தன. அச்சுக்குப் போகாததால் வரலாற்றுக்குள்ளும் போகவில்லை.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். வரைவது எப்படி உயிரியல் ஆகும்? "டீச்சர், படம் அழகா இருந்தா ஓவியம், அதுல என்ன சயின்ஸ்?" என்று கேட்பவர்களுக்காக.

ஒரு பறவை செத்துப்போனால் முதலில் மாறுவது எது தெரியுமா? கண்ணின் நிறம், அலகின் நிறம், காலின் நிறம். இறகு அப்படியே இருக்கும். கண் சுருங்கிப் போகும், காலும் அலகும் வெளுத்தோ கறுத்தோ போகும். அந்தக் காலத்து அருங்காட்சியகங்களுக்குப் போனவை சுட்டுக் கொன்று தோலுரித்துப் பஞ்சடைத்த பறவைகள். கண் இருந்த இடத்தில் பஞ்சு. உயிருள்ள பறவையைப் பக்கத்தில் வைத்து வரைந்த ஒருவரால் மட்டும்தான் கண் என்ன நிறம், கால் என்ன நிறம், நிற்கும்போது கழுத்து எப்படி வளைகிறது என்று சொல்ல முடியும். எலிசபெத் உயிருள்ள பறவைகளைப் பார்த்து வரைந்தார். அப்படியானால் அது தரவு. நிறத்தால் எழுதிய தரவு.

இன்னும் நம் ஊர் உதாரணம் சொல்கிறேன். நத்தைக்குத்தி நாரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று சொன்னால் விழுப்புரம் மாவட்டத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். தண்ணீர் நிற்கிற நெல் வயலில் கூட்டமாக நிற்கும். வகுப்பில் அதை வரையச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் கொக்குக்கு வரைகிற மாதிரி மூடிய அலகை வரைவார்கள். வயலுக்குப் போய்ப் பார்த்து வரைந்த பெண் ஒருத்தி அலகுக்கு நடுவில் இடைவெளி வைத்து வரைந்து வந்தாள். மற்றவர்கள் "அலகு கோணலா போச்சு" என்று சிரித்தார்கள். கோணல் இல்லை. வளர்ந்த நத்தைக்குத்தியின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். அது பிடிப்பது வயல் நத்தையை. நம் ரெக்கார்டு நோட்டில் "பைலா" என்று வரைந்தீர்களே, அதே ஆப்பிள் நத்தை. வரைந்த பெண்ணுக்கு அடுத்து என்ன கேள்வி வந்தது தெரியுமா? "இடைவெளி எதுக்கு டீச்சர்? ஓட்டைப் பிடிச்சுக்கவா, சதையை இழுக்கவா?" விஞ்ஞானிகளும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வரையாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி அவளுக்குப் பிறந்திருக்காது. வரைவது என்றால் கண்ணை ஏமாற்ற விடாமல் பார்ப்பது. அவ்வளவுதான்.

"இப்பத்தான் போன் இருக்கே, போட்டோ எடுத்தா முடிஞ்சுது" என்று ஒரு பழைய மாணவன் சொல்வான், எனக்குத் தெரியும். தம்பி, போட்டோ நல்லது, எடு. ஆனால் போட்டோவில் விழுவது ஒரு நாளில், ஒரு வெளிச்சத்தில், ஒரே ஒரு பறவை. நூறு பறவையைப் பார்த்து இந்த இனத்துக்கு இதுதான் அடையாளம் என்று முடிவு செய்து காட்டுவது ஓவியம். அதனால்தான் கேமரா கொட்டிக் கிடக்கிற இந்தக் காலத்திலும் பறவை அடையாளக் கையேடுகள் பலவற்றில் வரைந்த படங்களே இருக்கின்றன. புதிய பூச்சி ஒன்றை உலகத்துக்கு அறிவிக்கிறவர்கள் இன்றைக்கும் அதன் காலையும் உணர்கொம்பையும் கோட்டோவியமாக வரைகிறார்கள். நரம்பு செல் எப்படி இருக்கும் என்று வரைந்து வரைந்தே கண்டுபிடித்த ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹாலுக்கு 1906ல் நோபல் கொடுத்தார்கள். அவர் வரைந்ததை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை. ஆண் அல்லவா.

எலிசபெத்துக்கும் நூறு வருஷம் முன்னால் மரியா சிபில்லா மேரியன் என்று ஒரு பெண். ஜெர்மனியில் 1647ல் பிறந்தவர். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானாக உண்டாகின்றன என்று பெரும்பாலான ஜனங்கள் நம்பிய காலம். அவர் வீட்டில் கம்பளிப்பூச்சி வளர்த்து, முட்டை, புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி, அது தின்கிற செடி எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரைந்தார். 1699ல், ஐம்பது வயது தாண்டிய பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். 1705ல் புத்தகம் போட்டார். அதில் ஒரு செடி நம் மயில்கொன்றை. திண்டிவனம் ரோட்டோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்குமே, அதுவேதான். அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்று அந்தச் செடியைக் கொண்டு கருவைக் கலைத்தார்கள் என்றும், அதை அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னார்கள் என்றும் மேரியன் எழுதி வைத்தார். ஒரு பூவின் படத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரிய உண்மை! ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க ஆள் இல்லாமல் தன் ஓவியங்களை விற்றுத்தான் அவர் பயணம் போனார். இதுவா பொழுதுபோக்கு?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு நியாயத்தையும் பேசிவிடுகிறேன். "எலிசபெத் வெள்ளைக்காரி. நீதிபதி மனைவி. வீடு நிறைய வேலைக்காரர்கள். அவருக்கு முடிஞ்சுது. நம்ம வீட்டுப் பொண்ணுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான் அவருக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. அவர் ஆட்சி செய்ய வந்த கூட்டத்தில் ஒருவர். அவர் வரைந்த பறவைகள் தானாகப் பறந்து வந்து மேசையில் உட்காரவில்லை. மெட்ராஸின் பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். எந்த ஏரியில் எது வரும், எந்த மாதத்தில் வரும், இறகு உடையாமல் எப்படிப் பிடிப்பது என்ற அறிவு முழுக்க அவர்களுடையது. எலிசபெத்தின் பெயர் நூறு வருஷம் கழித்தாவது வெளியே வந்தது. அவர்கள் பெயர் வரவே இல்லை.

அவருக்குப் பிறகு ராபர்ட் வைட் என்ற மருத்துவர் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களோடு புத்தகத் தொகுதிகள் போட்டார். அந்தப் பணிக்காக வரைந்த நம் நாட்டு ஓவியர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இருவர். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு வைட் வைத்தார், அந்த மட்டில் நேர்மை. ஆனால் நம் பாடப்புத்தகத்தில் வைட் பெயர் தெரிந்த அளவுக்குக் கோவிந்து பெயர் தெரியுமா?

திண்டிவனம், மரக்காணம் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் போய்க் கேளுங்கள். எந்தப் பாம்பு எந்தப் புற்றில், எந்த எலி எந்த வரப்பில் என்று தடத்தைப் பார்த்தே சொல்வார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பாம்பு பிடிக்கும் அறிவுக்காக 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதுவரைக்கும் நாம் அதை என்ன சொன்னோம்? படிக்காதவன் வேலை. பெண் செய்தால் பொழுதுபோக்கு, பழங்குடி செய்தால் பிழைப்பு, கோட்டு போட்ட ஆண் செய்தால் மட்டும் விஞ்ஞானம். இந்தக் கணக்கைத்தான் நான் எதிர்க்கிறேன். எலிசபெத் வசதியானவர் என்பதற்காக அவர் செய்த வேலையைச் சிறுமைப்படுத்தினால், பறவை பிடித்துக் கொடுத்தவருக்கு ஒரு பைசா நியாயமும் கிடைக்கப்போவதில்லை. இரண்டு பெயரும் வேண்டும் என்று கேட்பதுதான் நியாயம்.

வெள்ளைக்காரி வேண்டாம், நம்ம ஆளைச் சொல் என்றால் சொல்கிறேன். இ. கே. ஜானகி அம்மாள். 1897ல் தலச்சேரியில் பிறந்து மெட்ராஸில் படித்தவர். அந்த வீட்டில் மற்ற பெண்களுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்க, இவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931ல் முனைவர் பட்டம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். அங்கே சாதியும் பெண் என்பதும் சேர்ந்து அவரைப் படுத்திய பாடு தனிக் கதை. லண்டனுக்குப் போனார். 1945ல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் வெளியிட்டார். நேரு அழைத்ததும் திரும்பி வந்து இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கிற பொறுப்பை ஏற்றார். எண்பது வயதில் சைலன்ட் வேலி காட்டுக்காகக் குரல் கொடுத்தார். 1977ல் பத்மஸ்ரீ. சென்னைக்குப் பக்கத்தில் மதுரவாயலில் ஆய்வுக்கூடத்திலேயே வாழ்ந்து 1984ல் மறைந்தார். நாம் கோயம்பேட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற மதுரவாயல். பஸ்ஸில் எத்தனை தடவை தாண்டியிருப்போம்?

இன்னொரு விஷயம் கவனியுங்கள். மக்னோலியா என்று ஒரு பூமரம், நம் செண்பகத்தின் குடும்பம். அந்த இனத்தில் ஒரு பிரிவுக்கு 'க்வில்லிமியா' என்று பெயர். ரோட்லர் பாதிரியார் எலிசபெத்துக்காக வைக்க நினைத்த பெயர் அது. இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் ஜானகி அம்மாள் வேலை செய்ததன் நினைவாக ஒரு மக்னோலியா ரகத்துக்கு 'ஜானகி அம்மாள்' என்று பெயர். மெட்ராஸில் வேலை செய்த இரண்டு பெண்கள், நூற்று ஐம்பது வருஷ இடைவெளியில், ஒரே பூவின் பெயருக்குள் இருக்கிறார்கள். பூவுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் என் கோபம் அதிகம்.

ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று இருக்கிறதே. மாணவன் தானே பார்த்து, தானே வரைந்து, தானே பாகம் குறிக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. நடப்பது என்ன? தம்பியின் ரெக்கார்டை அக்கா வரைகிறாள். அக்கா இல்லாத வீட்டில் காசு கொடுத்து வரைந்து வாங்குகிறார்கள். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ஒரே கை வரைந்த கரப்பான்பூச்சி ஒன்பது நோட்டில் வந்தது. ஒன்பதிலும் இடது பக்க மூன்றாவது கால் ஒரே மாதிரி மடங்கியிருந்தது! கையெழுத்துப் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். "பிராக்டிகல் மார்க் போயிடும் டீச்சர், சும்மா போட்டுடுங்க" என்று பெற்றோர் வந்து நின்றார்கள். போடவில்லை. ஒன்பது பேரும் திரும்ப வரைந்தார்கள்.

ஆனால் எனக்கு அந்த ஒன்பது பேரைவிட வரைந்த பத்தாவது ஆள் மேல்தான் அக்கறை. விசாரித்தால் அது ஒரு பெண். நோட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு இரவெல்லாம் வரைந்தவள். அந்த ஒன்பது பேரில் யாராவது பின்னால் டாக்டர் ஆகியிருக்கலாம். ஆனால் கரப்பானின் காலில் எத்தனை கணு என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வகுப்பில் யாரும் இல்லை. அவள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. எலிசபெத்தின் படங்கள் நூறு வருஷம் லண்டனில் கிடந்தது அநியாயம் என்றால், இந்தப் பெண்ணின் படங்கள் பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போனதை என்ன சொல்வீர்கள்?

பள்ளிக்கூடத்திலும் இதே கதிதான். டிராயிங் பீரியடா, கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்ளட்டும். 2012ல் ஓவியம், தையல், விளையாட்டு என்று 16,000க்கும் மேற்பட்டவர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாக அரசு எடுத்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் அப்படி ஆள் எடுப்போமா? பார்க்கக் கற்றுக்கொடுக்கிறவருக்குப் பகுதிநேரச் சம்பளம், பார்க்காமலே மனப்பாடம் செய்ய வைக்கிறவருக்கு முழுநேரச் சம்பளம். நானும் முழுநேரச் சம்பளம் வாங்கியவள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

கடைசியாக, "சோறு போடுமா?" என்ற கேள்வி. ஓடி ஒளிய மாட்டேன். காட்டுயிர் ஆராய்ச்சியில் ஆரம்பத்தில் சம்பளம் குறைவு, அலைச்சல் அதிகம். ஓவியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். இதை மறைத்து அந்தப் பெண்ணை உசுப்பிவிட மாட்டேன். ஆனால் வழியே இல்லை என்பதும் பொய். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மயிலாடுதுறை பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் படிப்பு இருக்கிறது. கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பெயரில் பறவையியல் மையம் இருக்கிறது. டேராடூனில் இந்திய வனவுயிர் நிறுவனம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. விலங்கியல் படித்து ஆசிரியை ஆகலாம், அதற்கு சாட்சி நானே. இந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், வீடும் கட்டினேன். என் வீட்டு கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டவர்கள்தானே "சோறு போடுமா" என்று கேட்கிறீர்கள்!

ஒன்று கேட்கிறேன். ஒரு பையன் இன்ஜினியரிங் சேர்ந்து, அரியர் வைத்து, சம்பந்தமே இல்லாத கம்பெனியில் பதினைந்தாயிரத்துக்கு வேலை பார்த்தால் "பரவாயில்லை, செட்டில் ஆயிடுவான்" என்கிறீர்கள். ஒரு பெண் தனக்குப் பிடித்ததைப் படிக்கிறேன் என்றால் மட்டும் வரவுசெலவுக் கணக்குக் கேட்கிறீர்கள். கணக்குக் கேட்பதானால் இரண்டு பேரிடமும் கேளுங்கள்.

அதோடு, வேலை நம் வாசலிலேயே கிடக்கிறது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பக்கம் கழுவெளி ஏரி. 5,151 ஹெக்டேர். 2021ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலகம் கவனிக்கிற ஈரநிலம் என்று அர்த்தம். மழைக்காலம் முடிந்தால் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் பறவைகள் வருகின்றன. பூநாரை நிற்கிறது, ஊசிவால் வாத்து நீந்துகிறது, உள்ளான் ஓடுகிறது. அதை எண்ண ஆள் வேண்டும், வரைய ஆள் வேண்டும், நம் பிள்ளைகளுக்குத் தமிழில் கையேடு எழுத ஆள் வேண்டும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்த ஒரு பெண் நம் பறவைகளை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தார். ஏரிக்கரையிலேயே பிறந்த பெண் பார்க்கிறேன் என்றால் நாம் தடுப்பதா?

ஆகவே என் மாணவச் செல்வங்களுக்கு மூன்று வேலை கொடுக்கிறேன். ஹோம்வொர்க் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். காசு கொடுத்து வரைந்த ரெக்கார்டில் கையெழுத்துப் போடாதீர்கள். படம் அசிங்கமாக இருந்தாலும் பிள்ளை தானே பார்த்து வரைந்திருந்தால் முழு மார்க் போடுங்கள்.

இரண்டு. வரும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கழுவெளிக்குக் கூட்டிப் போங்கள். போனை வண்டியிலேயே வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ஒரே ஒரு பறவை, அரை மணி நேரம். வரைந்து முடித்ததும் கண் என்ன நிறம், கால் என்ன நிறம் என்று கேளுங்கள். அங்கே மீன் பிடிக்கிறவரிடம் அந்தப் பறவைக்கு உள்ளூரில் என்ன பெயர் என்று கேட்டு, அதையும் எழுதுங்கள். பெயர் சொன்னவரின் பெயரையும் அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

மூன்று, இது சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து. அந்தப் பெண்ணின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள். முடியாவிட்டால் குறைந்தபட்சம் குறுக்கே நிற்காதீர்கள். அவள் கட்டணத்துக்குக் குறைவு வந்தால் என்னிடம் சொல்லுங்கள், என் பென்ஷன் இருக்கிறது.

எந்தப் படத்தை யாருக்கு அனுப்பினாலும் இனிமேல் அடியில் வரைந்தவர் பெயரைப் போட்டு அனுப்புங்கள். பெயர் தெரியாவிட்டால் தேடிவிட்டு அனுப்புங்கள்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கீழே எழுதலாம். பதில் சொல்வேன். "டீச்சருக்கு வயசாயிடுச்சு" என்று மட்டும் எழுதாதீர்கள், அது எனக்கே தெரியும்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்